சினாகால்செட் மாத்திரை: பி.டி.எச். இறங்குகிறது, இதயத்துக்கு என்ன லாபம்?

டயாலிசிஸில் இருப்பவருக்கு பி.டி.எச். (கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன்) ஏறிக்கொண்டே போனால் எலும்பிலிருந்து கால்சியம் கரையும். அதுவும் வெளியேறாத பாஸ்பரஸும் ரத்தக் குழாய்ச் சுவரிலும் இதய வால்விலும் படியும். பி.டி.எச்.சைக் குறைக்க வைட்டமின் டி மருந்தைக் கூட்டினால் கால்சியம், பாஸ்பரஸ் இரண்டும் சேர்ந்து கூடும். சினாகால்செட்டின் பலம் இங்கேதான். பாராதைராய்டு சுரப்பி கால்சியத்தை உணரும் திறனை அது கூர்மையாக்குகிறது. இருக்கிற கால்சியமே போதும் என்று சுரப்பி அடங்கிவிடும்.

முதலில் தினம் 30 மி.கி. சாப்பாட்டோடு, முழுசாக விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் மருந்து சரியாகச் சேராது. பிறகு 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு படியாக 60, 90, 120, அதிகபட்சம் 180. இரவுச் சாப்பாட்டோடு போடுவது வசதி. ஏனென்றால் பி.டி.எச். பார்க்க, மாத்திரை போட்டு 12 மணி நேரமாவது கழித்தே ரத்தம் எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் மருந்தின் உச்ச வேகத்தில் எண் தாழ்ந்திருக்கும். அதை நம்பி அளவைக் கூட்டாமல் விட்டுவிடுவார்கள்.

குமட்டலும் வாந்தியும் பலருக்கு வரும். அதைவிடக் கவலை, கால்சியம் சரிவது. ரத்தத்தில் கால்சியம் 8.4 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்தால் தொடங்கவே கூடாது. தொடங்கியதும், அளவை மாற்றும்போதும் ஒரு வாரத்துக்குள் பார்க்க வேண்டும். அளவு நிலைத்தபின் மாதம் ஒருமுறை. 7.5க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். வாயைச் சுற்றி மரத்துப்போவது, தசைப்பிடிப்பு ஆகியவை முன்னறிவிப்பு. அலட்சியம் செய்தால் ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி (துடிப்புக்குப் பின் இதயம் மின்னளவில் மீள எடுக்கும் நேரம்) நீண்டு இதயத் துடிப்பே தடம் புரளலாம். மெட்டோப்ரோலால் என்ற ரத்த அழுத்த, இதய மருந்தை எடுப்பவர் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சினாகால்செட் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். டயாலிசிஸ் தொடங்காத சிறுநீரக நோயாளிகளுக்கு இந்த மாத்திரை வேண்டாம், கால்சியம் வெகுவாக இறங்கும்.

இதயத்தைக் காக்கும் மாத்திரை என்று சொல்லி இதை எழுதித் தருவது சரியல்ல. 2012இல் வெளியான எவால்வ் ஆய்வில் 3,883 டயாலிசிஸ் நோயாளிகள் இருந்தார்கள். மரணம், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு போன்றவை சேர்ந்த அபாயம் 7 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான். பி.டி.எச். மிகுந்து, கால்சியமும் உயர்ந்திருப்பவருக்கு இது நல்ல மருந்து. மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்கு வழியில்லாதவருக்கு ஆபத்தான மருந்து. தினமும் விழுங்க முடியாதவருக்கு டயாலிசிஸ் முடிவில் வாரம் மூன்று முறை போடும், இதே வகை மருந்தான எடெல்கால்செடைடு ஊசி இருக்கிறது. கால்சியக் கண்காணிப்பு அதற்கும் உண்டு.