எஸ்டோனியாவில் கம்பெனி கிடைத்தது, வங்கிக் கணக்குக்குத்தான் அலைந்தேன்

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ஜெர்மனி வாடிக்கையாளர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறேன். யூரோவில் பில் போட வசதியாக இருக்குமே என்று எஸ்டோனியாவின் இ-ரெசிடென்சி அட்டை (வெளிநாட்டாருக்கு அந்த நாட்டு அரசு தரும் டிஜிட்டல் அடையாள அட்டை) வாங்கி, அங்கே ஒரு கம்பெனியும் பதிவு செய்தேன். அட்டை விஷயத்தில் குறையே சொல்ல மாட்டேன். ஆன்லைனில் விண்ணப்பம், அந்த நாட்டுக் காவல் துறையின் பின்னணிச் சோதனை, அப்புறம் டெல்லி தூதரகத்தில் கைரேகை வைத்து வாங்கிக்கொள்வது, அவ்வளவுதான். அட்டையைக் கார்டு ரீடரில் செருகி ஒரு பின் நம்பர் போட்டால் அந்த நாட்டு இணையச் சேவைகளுக்குள் நுழையலாம், இன்னொன்று போட்டால் கையெழுத்தே ஆகிவிடும்.

சிக்கல் வங்கியில்தான். எஸ்டோனியத் தலைநகர் தாலினில் உள்ள ஒரு வங்கிக்கு (பெயர் வேண்டாம்) விண்ணப்பித்தேன். பாஸ்போர்ட், ஒப்பந்தங்கள், பழைய இன்வாய்ஸ்கள், அடுத்த ஆண்டில் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு வரும் என்ற கணக்கு, எல்லாம் கேட்டார்கள். மொத்தமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை, ஒன்றைக் கொடுத்தால் பத்து நாள் கழித்து இன்னொன்று. ஆறு வாரம் இப்படியே ஓடி, கடைசியில் ஒரே வரியில் மறுப்பு. காரணம் சொல்லவில்லை, பரிசீலனைக் கட்டணமும் திரும்பவில்லை. மறுப்பது அவர்கள் உரிமை, சரி. ஆனால் "எஸ்டோனியாவில் உங்களுக்கு ஊழியர் உண்டா, வாடிக்கையாளர் உண்டா?" என்று முதல் நாளே கேட்டிருந்தால் அன்றைக்கே வேறு வழி பார்த்திருப்பேன். இது மோசமான சேவை.

வெளிநாட்டார் கணக்கு என்றாலே அந்த நாட்டு வங்கிகள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது என்பதும் உண்மை. 2007 முதல் 2015 வரை டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கியின் எஸ்டோனியக் கிளையில், வெளிநாட்டார் கணக்குகள் வழியாகச் சுமார் 20,000 கோடி யூரோ ஓடியது. அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரிய பணம் என்று தெரியவந்து, 2019இல் எஸ்டோனிய நிதிக் கண்காணிப்பு அமைப்பு அந்தக் கிளையையே மூடச் சொன்னது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. இ-ரெசிடென்சி அட்டை நீங்கள் யார் என்று மட்டும்தான் சொல்லும், கணக்குக்கு அது உத்தரவாதம் இல்லை. அதனால் கம்பெனிப் பதிவுக்குப் பணம் கட்டும் முன்பே, கணக்கு தர ஒப்புக்கொள்ளும் இடம் எது என்று எழுதிக் கேட்டுவிடுங்கள்.

எனக்குக் கடைசியில் கைகொடுத்தது பெல்ஜியத்தில் உரிமம் பெற்ற ஓர் ஆன்லைன் பணப் பரிமாற்ற நிறுவனம். அதே ஆவணங்கள்தான், ஆனால் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் கேட்டார்கள், நான்கு நாளில் கணக்கு தயார். கணக்கு எண் பெல்ஜியத்தின் குறியீடான பிஇ (BE) என்று தொடங்குகிறது, ஜெர்மனிக்காரர்கள் யாரும் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு குறை உண்டு: ஐரோப்பிய வங்கிகளில் ஒரு லட்சம் யூரோ வரை உள்ள வைப்புப் பாதுகாப்பு இதற்குக் கிடையாது. நம் பணத்தைத் தங்கள் பணத்தோடு கலக்காமல் தனியே வைக்க வேண்டும் என்ற விதி மட்டும்தான். அதனால் அதில் பெரிய தொகையைத் தங்க விடுவதில்லை.

நம்மூர்ப் பக்கத்தையும் மறக்காதீர்கள். எஸ்டோனியக் கம்பெனியின் பங்கு மூலதனத்துக்கு இங்கிருந்து அனுப்பும் பணம், தனிநபருக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரம்புக்குள் வரும். அதற்கு உங்கள் வங்கி வழியாக எஃப்சி (FC) என்ற வெளிநாட்டு முதலீட்டுப் படிவம் கொடுக்க வேண்டும். வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான எஃப்ஏ (FA) அட்டவணையில் கம்பெனியையும் கணக்கையும் காட்ட வேண்டும். என் ஆடிட்டர் முதல் கேள்வியாகக் கேட்டதே அந்த எஃப்சி படிவத்தைத்தான்.