42,500 ரூபாய்க்கு என் ஸ்பிரிங்கையே அறுத்து மாட்டினார்கள்: சஸ்பென்ஷன் வேலை கொடுக்கும் முன் படியுங்கள்

42,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, என் காரிலிருந்து கழற்றிய ஸ்பிரிங்கையே ஒரு சுற்று அறுத்து, சிவப்பு பெயிண்ட் அடித்துத் திரும்ப மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். நேற்று ஸ்டிரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணை) பிரித்தபோதுதான் தெரிந்தது. இன்னொருவர் மாட்டுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

கார் முன்சக்கர டிரைவ் ஹேட்ச்பேக். முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்டிரட், பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் முறுங்கக்கூடிய குறுக்குச் சட்டம்). கோவை செட்டிப்பாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கென்றே வைத்திருப்பது. இந்த வகைக் கார்களுக்கே உரிய குறைதான் இதற்கும்: வளைவில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் மூக்கு வெளியே ஓடும்.

வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மொத்தம் எவ்வளவு பாரம் மாறும் என்பது காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம், வளைவில் போகும் வேகம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஸ்பிரிங் முடிவு செய்வது, அந்தப் பாரத்தில் முன்னச்சுக்கு எவ்வளவு, பின்னச்சுக்கு எவ்வளவு என்ற பங்கைத்தான். எந்த அச்சு இறுக்கமோ அது அதிகப் பங்கை வாங்கும். பாரம் இரட்டித்தால் டயரின் பிடி இரட்டிக்காது. அதனால் அதிகப் பங்கு வாங்கும் அச்சுதான் முதலில் வழுக்கும். மூக்கு ஓடினால் பின்னால் இறுக்க வேண்டும், முன்னால் கிட்டத்தட்ட அப்படியே விட வேண்டும்.

இதை அந்தக் கடைக்காரர் நான் கேட்காமலே சொன்னார். நம்பியது அந்த இடத்தில்தான். ரேஸ் கார் செட்டப் செய்து தருவதாகச் சொல்லும் மாடிஃபிகேஷன் கடை அது. புகார் கொடுக்கப் போவதால் பெயர் போடவில்லை. டயர் பிரஷர் கேட்டார், பின் டேம்பரின் (ஷாக் அப்சார்பரின்) வயது கேட்டார். "முன்னாடி 20, பின்னாடி 30 நியூட்டன் போடலாம் சார், மூக்கு உள்ளே வரும்" என்றார். ஸ்பிரிங்கை ஒரு மி.மீ. அழுத்தத் தேவையான விசைதான் அந்த எண். ஸ்பிரிங் டெஸ்ட் சார்ட் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படமும் அனுப்பினார். எண்கள் சரியாகவே இருந்தன. 20,000 அட்வான்ஸ், மாட்டியதும் 22,500. பில் கேட்டதற்கு, "அப்புறம் அனுப்பறேன் சார்."

கார் வந்தபோது முன்பக்கம் 40 மி.மீ. இறங்கியிருந்தது, பின்பக்கம் பழைய உயரத்திலேயே நின்றது. டிராக்கில் மூக்கு முன்பைவிட மோசமாக ஓடியது. போன் செய்தால், "ரேக் வெச்சிருக்கோம் சார், ரேஸ் கார் அப்படித்தான் நிக்கும்." (ரேக் என்றால் முன்பக்கம் தாழ்ந்து நிற்பது.) அடுத்த போனில், "கொஞ்சம் ஓட்டுங்க சார், ஸ்பிரிங் செட் ஆயிடும்." புது ஸ்பிரிங் சில மி.மீ. உட்காரலாம், அதன் இறுக்கம் ஓட்டி ஓட்டி மாறாது. அதற்கப்புறம், "மாஸ்டர் ஊர்ல இல்ல." பழைய ஸ்பிரிங்கைத் திருப்பிக் கேட்டேன்: "அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு." இப்போது நம்பரையே பிளாக் செய்திருக்கிறார்கள். 42,500 ரூபாய்!

பிரித்துப் பார்த்ததைச் சொல்கிறேன், கணக்கோடு. முன் ஸ்பிரிங்கின் கம்பி 12 மி.மீ., சராசரி விட்டம் 130 மி.மீ. இறுக்கத்துக்கான சூத்திரம்: எஃகின் ஷியர் மாடுலஸை (முறுக்கலை எதிர்க்கும் அளவு, சுமார் 79,000 நியூட்டன்/ச.மி.மீ.) கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கால் பெருக்கி, 8 × சராசரி விட்டத்தின் மூன்றாம் அடுக்கு × வேலை செய்யும் சுற்றுகள் என்பதால் வகுக்க வேண்டும். கம்பெனி ஸ்பிரிங்கில் வேலை செய்யும் சுற்று 5, மி.மீ.க்கு 18.6 நியூட்டன் வருகிறது. இதில் இருப்பது 4 சுற்று: 23.3. பிரஸ்ஸில் வைத்து, அடியில் எடை மெஷின் போட்டு, கொஞ்சம் அழுத்திய பிறகு மேற்கொண்டு 25 மி.மீ. அழுத்தினோம். 20 நியூட்டன் ஸ்பிரிங் என்றால் 51 கிலோ கூட வேண்டும். 59 காட்டியது. பின் ஸ்பிரிங்கில் பெயிண்டைச் சுரண்டினால் கம்பெனியின் வண்ணப் புள்ளி அப்படியே இருக்கிறது. இறுக்கம் பழைய 22.

அதாவது இறுக்க வேண்டிய பின்பக்கத்தைத் தொடவே இல்லை. தொடக் கூடாத முன்பக்கத்தை 25 சதவீதம் இறுக்கிவிட்டார்கள்.

"22-ம் 23-ம் கிட்டத்தட்ட ஒண்ணுதான சார், பேலன்ஸாத்தான் இருக்கும்" என்று கடைப் பையன் ஒருவர் வாதாடினார். ஸ்பிரிங்கின் எண் வேறு, சக்கரத்தில் வேலை செய்யும் எண் வேறு. சக்கரம் நகரும் அளவுக்கு ஸ்பிரிங் நகராது. அந்த விகிதத்தின் வர்க்கத்தால் ஸ்பிரிங்கின் எண்ணைப் பெருக்க வேண்டும். என் காரில் முன்னால் விகிதம் 0.95, பின்னால் 0.8. அவர்கள் சொன்ன முன் 20, பின் 30 என்பது சக்கரத்தில் முன் 18, பின் 19 ஆக வந்திருக்கும். மாட்டி அனுப்பியது முன் 21, பின் 14.

இறக்கியதால் வந்த கேடு தனி. ஸ்டிரட் தன் பம்ப் ஸ்டாப்புக்கு (கடைசியில் முட்டும் ரப்பர் தடுப்புக்கு) பக்கத்திலேயே நிற்கிறது. வளைவில் வெளிப்பக்க முன்சக்கரம் சற்று அழுந்தியதும் ரப்பரில் முட்டி, இறுக்கம் திடீரென்று பல மடங்காகிறது. டயர் அங்கேயே விட்டுவிடுகிறது. டேம்பர் ராடில் ஒரு ஜிப் டை கட்டி ஓட்டினால் எதுவரை போகிறது என்று தெரியும். இன்னொன்று, மெக்ஃபெர்சனில் இவ்வளவு இறக்கினால் கீழ் ஆர்ம் சாய்ந்து ரோல் சென்டர் (வளைவில் பாடி சாயும் மையப்புள்ளி) காரைவிட அதிகமாகக் கீழே போகும். ஸ்பிரிங் இறுகியும் பாடி சாய்வது எதிர்பார்த்த அளவு குறையாது. டோவும் (சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் கோணம்) மாறும். அலைன்மென்ட் பிரிண்ட் அவுட் கேட்டேன், அதுவும் தரவில்லை.

எனக்கு அதிகம் பதறுவது அறுத்த முனையைப் பார்த்துத்தான். கேஸ் கட்டரில் அறுத்திருக்கிறார்கள், நீலம் பாரித்திருக்கிறது. அந்தச் சூட்டில் கம்பியின் டெம்பர் (பதப்படுத்திக் கொடுத்த உறுதி) போய்விடும், அங்கேயே உடையலாம். முனை, ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் சரியாக உட்காரவில்லை. சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிரிங் ஆடுகிறது. ஸ்பீடு பிரேக்கரில் 'டக்' என்று கேட்டதன் காரணம் இதுதான். 42,500 கொடுத்து உயிருக்கு ஆபத்தை வாங்கியிருக்கிறோம்.

எப்படிச் சரியாக டியூன் செய்வது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும்:

பழைய ஸ்பிரிங்கை நீங்களே வாங்கி வண்டியில் போட்ட பிறகு மீதிப் பணம் கொடுங்கள். மாட்டும் முன் சுற்றுகளை எண்ணி, கம்பியை வெர்னியரில் அளந்து போட்டோ எடுங்கள். பில் இல்லாமல் அட்வான்ஸ் வேண்டாம். பின் ஸ்பிரிங்கை 30 சதவீதம் ஏற்றினால் டேம்பரும் சுமார் 14 சதவீதம் இறுக வேண்டும்; தேய்ந்த டேம்பரோடு போட்டால் குதிக்கும். ஒரேயடியாக ஏற்றாதீர்கள்: ஈரத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் சுற்றிவிடும். முதலில் டயர் பிரஷரை 2 பிஎஸ்ஐ மாற்றிப் பாருங்கள், அதற்குச் செலவே இல்லை.

ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-ல் கூப்பிடுங்கள். நான் இன்று கூப்பிடுகிறேன். அறுத்த ஸ்பிரிங், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், அந்தப் போலி சார்ட் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இதே மாதிரி சிவப்பு ஸ்பிரிங் மாட்டிக்கொண்டவர்கள், இன்றைக்கே ஜாக் போட்டுத் தூக்கி மேல் முனையைப் பாருங்கள்.