பழைய கண்ணாடிப் பெட்டி: அரிமா சங்கங்களின் சேவை எவ்வளவு தேறுகிறது?

அரிமா சங்கம் என்று நாம் சொல்லும் லயன்ஸ் கிளப்கள் உலகம் முழுக்கச் செய்யும் சேவைகளில் சட்டென்று கண்ணில் படுவது, பழைய மூக்குக் கண்ணாடியைப் போடச் சொல்லி வைத்திருக்கும் பெட்டிதான். பவர் மாறியதும் மேசை இழுப்பறையில் கிடக்கும் கண்ணாடியை அதில் போட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறோம். அந்தக் கண்ணாடி பெட்டியில் விழுந்த நிமிடத்திலிருந்து இன்னொருவர் மூக்கில் ஏறும்வரை நடப்பதைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சேகரிப்பதில் இந்தச் சங்கங்களுக்கு ஈடு சொல்வது கடினம். கழுவுவதும் பிரிப்பதும் பல இடங்களில் ஒழுங்காகவே நடக்கின்றன. சேவை தேறுவதும் தவறுவதும் அளப்பதில்தான். கண்ணாடியை அளந்து, கண்ணையும் அளந்து, இரண்டும் பொருந்தினால் மட்டுமே கொடுக்கும் சங்கத்தின் பெட்டியில் தாராளமாகப் போடலாம். எத்தனை ஆயிரம் சேகரித்தோம் என்று மட்டும் அறிவிக்கும் சங்கத்திடம் கொஞ்சம் கேள்வி கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அளவு இவ்வளவு முக்கியம் என்பதை இந்தச் சங்கங்களின் வரலாறே சொல்கிறது. மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டுத் தொழில்காரர் 1917-ல் சிகாகோவில் தனித்தனிச் சங்கங்களின் பிரதிநிதிகளைக் கூட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் டாலஸில் முதல் மாநாடு நடந்தது. அரிமாக்களின் பாதையைக் கண் பக்கம் திருப்பியவர், பார்வையும் கேட்கும் திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர். 1925-ல் ஒஹாயோவின் சீடர் பாயிண்டில் நடந்த மாநாட்டில், பார்வையற்றோருக்குத் துணைநிற்கும் வீரர்களாக வாருங்கள் என்று அவர் அழைத்தார். இன்றுவரை கண் சிகிச்சையும் பார்வைச் சேவையும் இந்தச் சங்கங்களின் அடையாளமாக இருப்பதற்கு அந்த உரைதான் தொடக்கம்.

ஐந்து ஆண்டு கழித்து வெள்ளைக்கோல் வந்தது. 1930-ல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் ஜார்ஜ் போனம் என்ற அரிமா, பார்வையற்ற ஒருவர் சாலையைக் கடக்கத் தடுமாறுவதைப் பார்த்தார். அவர் கையில் இருந்தது கறுப்புக் கோல். கறுத்த சாலையில் அது வண்டி ஓட்டுபவர் கண்ணில் படவே இல்லை. கோலுக்கு வெள்ளை பூசினால் தெரியும் என்று சங்கம் முடிவு செய்தது. அந்த டிசம்பரிலேயே, வெள்ளைக்கோல் பிடித்தவருக்கு வழிவிட வேண்டும் என்று நகராட்சி விதி கொண்டுவந்தது. பிரிட்டனில் ஜேம்ஸ் பிக்ஸ் 1921-லேயே தன் கோலுக்கு வெள்ளை பூசியிருந்தார். ஆனாலும் அதை விதியாக்கி ஊர் ஊராகக் கொண்டுபோனதில் அரிமாக்களின் பங்கு பெரியது.

வெள்ளைக்கோலின் கதை அதோடு முடியவில்லை. அந்தக் கோல் குட்டையானது. பிடித்திருப்பவர் பார்வையற்றவர் என்று மற்றவருக்குச் சொல்லும். முன்னால் பள்ளம் இருப்பதைப் பிடித்திருப்பவருக்குச் சொல்லாது. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்த ரிச்சர்ட் ஹூவர், கோலை நீளமாக்கி, நடப்பவரின் உயரத்துக்கும் நடைக்கும் ஏற்றபடி அளந்து, தரையில் இடமும் வலமும் வீசித் தட்டி நடக்கும் முறையை உருவாக்கினார். வண்ணம் வண்டி ஓட்டுபவருக்காக, நீளம் நடப்பவருக்காக. ஆளை அளந்த பிறகுதான் கோல் முழுமையாகப் பயன்பட்டது. கண்ணாடிப் பெட்டியையும் இதே கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

பழைய கண்ணாடி சேகரிப்பு பல சங்கங்களில் வெகுநாளாக நடந்துவந்த வேலை. 1994-ல் அனைத்துலக அமைப்பு அதை அதிகாரப்பூர்வச் சேவையாக ஏற்றது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் மறுபயன்பாட்டு மையங்கள் உருவாயின. பெட்டிகளில் விழுவது இந்த மையங்களுக்குத்தான் வந்து சேர்கிறது.

மையத்துக்குள் முதல் வேலை கழிப்பது. லென்ஸில் விரிசல் விட்டது, ஒரு பக்க லென்ஸ் இல்லாதது, காது பிடிக்கும் கால் முறிந்தது எல்லாம் உடனே தனியே போகும். திருகு மட்டும் கழன்றிருந்தால் புதுத் திருகு போட்டுக் காப்பாற்றலாம். மூக்குத் தாங்கியும் அப்படித்தான். அடுத்தது கீறல். கண்ணாடியை விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்து லென்ஸின் நடுப்பகுதியைப் பார்க்க வேண்டும். ஓரத்தில் ஒரு கோடு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கருமணிக்கு நேராக மங்கலான சிராய்ப்பு இருந்தால், பவர் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதைக் கொடுக்கக் கூடாது. ராத்திரி எதிரே வரும் வண்டி விளக்கு அந்தச் சிராய்ப்பில் பட்டுச் சிதறும்.

கழுவும்போது நடக்கும் தவறுகள்தான் நல்ல கண்ணாடிகளை வீணாக்குகின்றன. பிளாஸ்டிக் லென்ஸை உலர்ந்த துணியாலோ தாளாலோ துடைத்தால் ஒட்டியிருக்கும் தூசியே உப்புத்தாள் மாதிரி அறுத்துவிடும். முதலில் ஓடும் நீரில் காட்டி, பிறகு வெதுவெதுப்பான நீரில் மென்மையான பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு விட்டு விரல் நுனியால் தேய்த்து, அலசி, நூல் பிரியாத மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வெந்நீர் வேண்டாம், பூச்சு வெடிக்கும். அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியைத் தொடவே கூடாது. பாலிகார்பனேட் லென்ஸும் அசிட்டேட் ஃபிரேமும் அதில் கெட்டுப்போகும்.

அடுத்து, லென்ஸின் பவரை அளக்கும் லென்சோமீட்டர். மொத்தச் சேவைக்கும் நாடி இங்கேதான் இருக்கிறது. கையால் இயக்கும் கருவியில் முதலில் பார்ப்பவர் தன் கண்ணுக்கு ஏற்ப ஐபீஸைத் திருகி, உள்ளே தெரியும் கோடுகளைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும். லென்ஸ் வைக்காமல் பார்த்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். இந்த ஒரு நிமிட வேலையை விட்டுவிட்டால் அன்று அளந்த எல்லாக் கண்ணாடியிலும் ஒரே அளவு பிழை ஏறிவிடும். பிறகு வலது லென்ஸை, கண் பக்கம் இருக்கும் முகம் கருவியின் வாயைத் தொடும்படி வைக்க வேண்டும். இரண்டு லென்ஸின் கீழ் விளிம்பும் மேசைத் தட்டில் ஒன்றாகப் படிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் தூக்கியிருந்தால் அச்சின் (சிலிண்டர் பவர் திரும்பியிருக்கும் திசையின்) கோணம் தப்பாக வரும். பிளஸ் பக்கத்திலிருந்து மைனஸ் நோக்கிச் சக்கரத்தைத் திருப்பும்போது முதலில் ஒரு திசைக் கோடுகள் தெளியும்: அது ஸ்ஃபியர், அதாவது எல்லாத் திசையிலும் ஒன்றாக இருக்கும் பவர். இன்னும் திருப்பினால் குறுக்குக் கோடுகள் தெளியும்: வித்தியாசம்தான் சிலிண்டர், அதாவது ஒரு திசையில் மட்டும் கூடும் பவர். இரண்டும் ஒரே இடத்தில் தெளிந்தால் சிலிண்டர் இல்லை. நடுவில் மையப் புள்ளியைக் குத்தி, இடது லென்ஸிலும் அதே மாதிரி செய்து, இரு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ள வேண்டும். தானியங்கிக் கருவி இருந்தால் வேகம் கூடும். ஃபிரேமைச் சாய்த்து வைக்கும் தவறை அதுவும் மன்னிக்காது.

பல மையங்களில் பவரை எழுதுகிறார்கள், மையத் தூரத்தை எழுதுவதில்லை. பெரிய குறை இது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லென்ஸ் பவர் -6.00. மையங்களுக்கு நடுவே 68 மில்லிமீட்டர். போடுபவரின் கருமணிகளுக்கு நடுவே 62. ஆக ஒவ்வொரு கண்ணும் மையத்திலிருந்து 3 மில்லிமீட்டர் விலகிப் பார்க்கிறது. விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கினால் பிரிசம், அதாவது லென்ஸ் படத்தைப் பக்கவாட்டில் தள்ளும் அளவு கிடைக்கும்: 0.3 பெருக்கல் 6, கண்ணுக்கு 1.8, இரண்டும் சேர்ந்து 3.6. இரு கண்ணும் வெளிப்பக்கம் விலகி உழைத்தால்தான் படம் ஒன்றாகும், கண்ணுக்கோ அந்த வேலை பழக்கமே இல்லை. எழுத்துப் பலகையைத் தெளிவாகப் படித்துக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர், தலைவலி என்று இரண்டாம் நாள் கண்ணாடியைக் கழற்றி வைப்பது இதனால்தான். அதே 6 மில்லிமீட்டர் பிழை +1.50 வெள்ளெழுத்துக் கண்ணாடியில் வந்தால் மொத்தமே 0.9. பெரும்பாலானவர்கள் தாங்கிக்கொள்வார்கள்.

சிலிண்டரில் தாராளம் இன்னும் ஆபத்து. 2.00 சிலிண்டர் வேண்டியவருக்கு அதே 2.00 உள்ள பழைய கண்ணாடி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அச்சு 10 டிகிரி தள்ளியிருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிழை மிஞ்சும். 30 டிகிரி தள்ளியிருந்தால் முழு 2.00-ம் வேறு கோணத்தில் அப்படியே மிஞ்சும். கண்ணாடி போட்டும் போடாத மாதிரிதான்.

பொருத்தம் கிடைப்பது ஏன் அரிது என்பதும் எளிய கணக்குதான். சிலிண்டரை மறந்துவிட்டு -6.00 முதல் +6.00 வரை 0.25 படியில் எண்ணினால் 49 பவர்கள். இரு கண்ணுக்கும் சேர்த்து 2401 ஜோடிகள். அதன்மேல் சிலிண்டர், அச்சு, மையத் தூரம், முகத்தின் அகலம் எல்லாம் ஏறும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் லென்ஸ் ஒருவருடைய கருமணி உயரத்துக்கே செய்தது, அடுத்தவருக்கு அனேகமாகப் பொருந்தாது. நன்கொடையாக வந்த 275 கண்ணாடிகளைச் சோதித்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், 7 சதவீதம்தான் பயன்படும் நிலையில் இருந்தன. பார்வை நலத்துறை அமைப்புகள் பலவும் பழைய கண்ணாடியைவிடப் புதுக் கண்ணாடியையே பரிந்துரைப்பது இதனால்தான். பெட்டி வைத்திருக்கும் சங்கங்கள் இந்த எண்ணைத் தங்கள் உறுப்பினர்களிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறோம்.

அப்படியானால் பெட்டியே வேண்டாமா? வேண்டும், வேலையைச் சுருக்கிக்கொண்டு. சிலிண்டர் இல்லாத ஒற்றைப் பவர் கண்ணாடிகள், குழந்தைகளின் நல்ல ஃபிரேம்கள், கடையில் எளிதில் கிடைக்காத உயர் மைனஸ் பவர்கள் ஆகியவற்றை அளந்து, பவர் எழுதி, பையிலிட்டு வைத்தால் கண் மருத்துவரின் கைக்கு நல்ல இருப்பாக அமையும். மற்றவற்றின் உலோகத்தை மறுசுழற்சிக்கு அனுப்பிவிடலாம். வெள்ளெழுத்துக்குப் புது ரெடிமேட் கண்ணாடியே சரி. இரு கண்ணுக்கும் ஒரே பவர், +1.00 முதல் +3.50 வரை, சுத்தமான லென்ஸ், தேவையானதைத் தேவையான எண்ணிக்கையில் வாங்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 பார்வை அறிக்கைப்படி, கண்ணாடி கிடைக்காத வெள்ளெழுத்தால் கிட்டப் பார்வை மங்கியவர்கள் 82.6 கோடிப் பேர். சங்கங்களின் உழைப்பு அதிகம் தேவைப்படும் இடம் இதுதான்.

முகாமில் கண்ணாடி கொடுப்பதற்குமுன் ஒன்றை மட்டும் எந்த அவசரத்திலும் விடக் கூடாது. தூரப் பலகையில் 6/12 வரி (இயல்பான கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கும் வரி) தெரியாதவரின் கண்முன் சிறு துளையிட்ட அட்டையைப் பிடித்து மறுபடி படிக்கச் சொல்ல வேண்டும். துளை வழியே தெளிந்தால் பவர் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். தெளியவில்லை என்றால் கண்புரையோ விழித்திரைக் கோளாறோ வேறு எதுவோ இருக்கலாம். அவருக்குக் கண்ணாடி கொடுக்காமல் மருத்துவமனைச் சீட்டு கொடுக்க வேண்டும். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் தொடக்கத்தில் நடுப்பார்வையைக் கெடுக்காது, பலகையை முழுதாகப் படித்துவிடுவார்கள். ஆகவே நாற்பது தாண்டியவருக்குக் கண் அழுத்தமும் நரம்பும் பார்க்க ஏற்பாடு இல்லாத முகாமில், "கண்ணாடி கிடைத்துவிட்டது, இனி டாக்டர் வேண்டாம்" என்ற எண்ணத்தோடு யாரும் வீடு திரும்பிவிடக் கூடாது. கண்ணாடியோடு கொடுக்கும் சீட்டிலேயே அடுத்த பரிசோதனைத் தேதியை எழுதிவிடுவது நல்ல பழக்கம்.

பெட்டியில் போடுபவர்களுக்கும் வேலை உண்டு. கழுவி, மெல்லிய துணியில் சுற்றிப் போடுங்கள். லென்ஸோடு லென்ஸ் உரசிப் பல கண்ணாடிகள் பெட்டியிலேயே கெடுகின்றன. பழைய பவர் சீட்டு இருந்தால் பெயரைக் கிழித்துவிட்டு எண்களை மட்டும் சேர்த்துப் போடுங்கள், அளப்பவர் சரிபார்க்க உதவும். கூடு தேவையில்லை என்று சொல்லும் மையங்கள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். சங்கத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள்: அளப்பது யார், மையத் தூரம் எழுதுகிறீர்களா, கொடுக்கும் இடத்தில் கண் சோதிப்பவர் யார்?

கடைசியில் ஒரு சோதனை இருக்கிறது, அதற்குக் கருவி வேண்டாம். தூரக் கண்ணாடி வாங்கியவரைப் படியில் நாலு படி ஏறி இறங்கச் சொல்லுங்கள். கால் தடுமாறினாலோ படி வளைந்து தெரிந்தாலோ கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கிட்டக் கண்ணாடி வாங்கியவர் கையில் ஊசியும் நூலும் கொடுத்து, அவர் வழக்கமாக வேலை செய்யும் தூரத்தில் பிடித்துக் கோக்கச் சொல்லுங்கள். ஊசியை முகத்துக்கு மிக அருகே கொண்டுபோனால் பவர் கூடுதல், கையை நீட்டிக்கொண்டே போனால் குறைவு. ஒரு படி மாற்றிக் கொடுத்து மறுபடி கோக்கச் சொல்லிப் பாருங்கள்.