நிலாவுல மனுஷன் தூங்கி எழுந்த ஒரே வீடு: லூனார் மாடியூல் ரிவ்யூ

அக்கா வீடு மேரிலாண்டுல. போன தடவை போயிருந்தப்போ ஒரு முழு நாள் ஒதுக்கி வாஷிங்டன் ஏர் அண்ட் ஸ்பேஸ் மியூசியம் போனோம், மத்தவங்க எல்லாத்தையும் பாத்தாங்க, நான் போனது ஒரே ஒரு பொருளுக்காக, அப்போலோ லூனார் மாடியூல், அதாவது அமெரிக்காவோட அப்போலோ திட்டத்துல நிலாவுல ஆள இறக்கின வண்டி. தங்கக் கலர் தாள் சுத்தின நாலு கால், மேல கோணல்மாணலா ஒரு பெட்டி. போட்டோல எத்தனையோ தடவ பாத்ததுதான், ஆனா பக்கத்துல நின்னு அண்ணாந்து பாக்கறப்போ பேச்சே வரல. அக்கா பொண்ணு ரொம்ப நேரம் சுத்தி சுத்தி பாத்துட்டு கேட்டா, "சித்தி, இதுக்குள்ள எங்க தூங்குவாங்க?"

நான் வீடு கட்டுற வேலைல இருக்கேன், சிவில். பிளான் கையில குடுத்தா எல்லாரும் முதல்ல எலிவேஷனத்தான் பாப்பாங்க, வெளிய இருந்து எப்படித் தெரியும்னு. கட்டில் எங்க போடறது, காலைல வெயில் யார் முகத்துல அடிக்கும்னு கேக்கறவங்க ரொம்ப கம்மி. இந்தக் குழந்தை கேட்டா. அதனால இத விண்கலமா பாக்காம வீடாவே பாத்து எழுதறேன். 1969 ஜூலைல இருந்து 1972 டிசம்பர் வரைக்கும் ஆறு தடவ, தடவைக்கு ரெண்டு பேர், மொத்தம் 12 பேர் இந்த மாடல்ல தங்கியிருக்காங்க. அதுக்கப்புறம் நிலாவுல யாரும் தூங்கல.

நாங்க பாத்தது எல்எம்-2, அதாவது ரெண்டாவதா செஞ்ச லூனார் மாடியூல். இது நிலாவுக்குப் போகல, ஆள் இல்லாம டெஸ்ட் பண்றதுக்காக செஞ்சது, ஆனா 1968 ஜனவரில எல்எம்-1 நல்லபடியா பறந்துட்டதால இத அனுப்பத் தேவையே வரல.

முதல்ல நல்லத சொல்லிடறேன், ஏன்னா நிறைய இருக்கு. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டுல கிரம்மன் கம்பெனி செஞ்சது, டிசைன் டீமுக்கு தலைவர் தாமஸ் கெல்லி. ஆரம்பத்துல உள்ள ரெண்டு சீட்டும் பெரிய பெரிய கண்ணாடியும் இருந்துச்சு, வெயிட் தாங்கல. அப்போ சீட்டையே தூக்கிட்டாங்க! நின்னுக்கிட்டே ஓட்டலாம்னு முடிவு பண்ணாங்க. நின்னா முகம் ஜன்னல் கிட்ட வந்துடும், அப்போ சின்ன முக்கோண ஜன்னலே போதும், கண்ணாடி வெயிட்டும் குறைஞ்சுது, சீட்டு வெயிட்டும் குறைஞ்சுது, கீழ பாக்கற பார்வையும் நல்லா கிடைச்சுது. ஒரு நாற்காலிய எடுத்து மூணு பிரச்சினைய தீர்த்திருக்காங்க, என் தொழில்ல இதவிட நல்ல முடிவு நான் பாத்ததில்ல. அதே மாதிரி வாசக்கதவு. முதல்ல வட்டமா இருந்துச்சு, மாடல் செஞ்சு முதுகுல ஆக்சிஜன் பெட்டிய மாட்டிக்கிட்டு ஆள ஏறி இறங்க வச்சுப் பாத்தாங்க, வட்டத்துல முதுகுப் பெட்டி மாட்டிக்கிச்சு, சதுரமா மாத்திட்டாங்க. பேப்பர்ல இருந்தவரைக்கும் வட்டம் சரியாத்தான் இருந்திருக்கும்.

சுவர் சில இடத்துல 0.3 மில்லிமீட்டர் தான், உள்ள சுத்த ஆக்சிஜன், நம்ம காத்தழுத்தத்துல மூணுல ஒரு பங்கு. ஸ்ட்ரக்சருக்கு 5க்கு 5, யோசிக்காம தருவேன். அப்போலோ 13 அப்போ வழில தாய்க்கலம் பழுதானப்போ, ரெண்டு பேரு ரெண்டு நாள் இருக்கறதுக்குன்னு செஞ்ச இந்தப் பெட்டிதான் மூணு பேர கிட்டத்தட்ட நாலு நாள் உயிரோட வச்சு வீட்டுக்கு கொண்டு வந்துச்சு, அதுக்கு மார்க் போட நான் யாரு.

இப்போ அக்கா பொண்ணு கேள்விக்கு வரேன்.

உள்ள மனுஷன் பொழங்கற இடம் 4.5 கன மீட்டர். தரை மூணு அடிக்கு நாலரை அடி. ஒத்தக் கட்டில்கூட போட முடியாது. முதல் தடவையா இறங்கின அப்போலோ 11ல படுக்கைன்னு எதுவுமே குடுக்கல, ஆல்ட்ரின் தரைல சுருண்டு படுத்தார், ஆம்ஸ்ட்ராங் பின்னாடி இருக்கற இன்ஜின் மூடி மேல உக்காந்த மாதிரி சாஞ்சு, கால் தொங்காம இருக்க ஒரு வார்ல மாட்டிக்கிட்டார். ஜன்னல் திரையில வெளிச்சம் கசியுது, பம்ப் சத்தம் ஓயல, குளிரு வேற. எல்லாத்துக்கும் மேல, நட்சத்திரம் பாக்கற டெலஸ்கோப் வழியா பூமியோட வெளிச்சம் நேரா ஆம்ஸ்ட்ராங் கண்ணுல அடிச்சிருக்கு. பூமியே லைட் போட்ட மாதிரி. அவர் சரியா தூங்கவே இல்ல. மனுஷ சரித்திரத்துல முதல் நாள் நிலாவுல நடந்துட்டு வந்தவருக்கு அன்னிக்கு ராத்திரி காலை நீட்ட இடமில்ல, இத நினைச்சா எனக்கு இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு.

அடுத்த தடவைல இருந்து தூளி குடுத்தாங்க, ஒருத்தருக்கு நீளவாக்குல மேல, இன்னொருத்தருக்கு குறுக்க கீழ. நல்ல மாற்றம். ஆனா அப்போலோ 14ல வண்டி சரிவான தரைல இறங்கி ஏழு டிகிரி சாய்ஞ்சு நின்னுச்சு. ஏழு டிகிரி கேக்க கம்மியா இருக்கும், அதுல படுத்துப் பாத்தாதான் தெரியும். ஷெப்பர்டும் மிட்செல்லும் வண்டி கவிழுதோன்னு ராத்திரில எழுந்து ஜன்னல் வழியா பாத்தாங்களாம். அப்போலோ 15ல இருந்துதான் விண்வெளி உடுப்ப கழட்டிட்டு தூங்க முடிஞ்சுது, அதுக்கு முன்னாடி வந்த மூணு ஜோடியும் அதோடவே படுத்தாங்க. அந்த 15லயும், யூரின் விடற குழாய் வால்வு திறந்தே இருந்து ஆக்சிஜன் கசிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, ஹூஸ்டன் கண்ட்ரோல் ரூம்ல இருந்து சீக்கிரமே எழுப்பி தேடச் சொன்னாங்க. டாய்லெட் கிடையாது, பை தான். சுடு தண்ணியும் கிடையாது. தூக்கத்துக்கு 5க்கு 1, அந்த ஒண்ணும் தூளிக்காக.

நாங்க அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஹால் தரைல டேப் ஒட்டி மூணுக்கு நாலரை அளந்து படுத்துப் பாத்தோம். நானும் அக்கா பொண்ணும். அவளுக்கு வயசு ஒம்பது, அவ கால் கோட்டுக்குள்ள இருந்துச்சு, நான் முழங்கால மடக்கி ஒருக்களிச்சு படுத்தும் என் தலை வெளிய.

தூசிக்கு வரேன், இது தூக்கத்தவிட பெரிய விஷயம். நிலால காத்து இல்ல, தண்ணி இல்ல, அதனால மண்ணு உருண்டு தேயறதே இல்ல, ஒவ்வொரு துகளும் உடைஞ்ச கண்ணாடி மாதிரி கூரா இருக்கும். (இஸ்ரோ சந்திரயான் 2 டெஸ்டுக்காக நாமக்கல் மாவட்டத்துல சித்தம்பூண்டி, குன்னமலை பக்கம் கிடைக்கற அனார்தோசைட் பாறைய பொடி பண்ணித்தான் நிலா மண்ணு மாதிரி தயார் பண்ணாங்க, அதனால அந்த மண்ணுமேல எனக்கு ஒரு சொந்தம் உண்டு.) இந்த வீட்டுல திண்ணையும் இல்ல, கால் கழுவற இடமும் இல்ல, கதவத் திறந்தா நேரா படுக்கற இடம். வெளிய போகணும்னா முழு வீட்டுக் காத்தையும் வெளிய விட்டுட்டுதான் கதவு திறக்கணும். உள்ள வந்தா உடுப்போட தூசியும் வரும். வெடிமருந்து வாசன அடிக்குதுன்னு சொன்னாங்க, அப்போலோ 17ல போன ஷ்மிட்டுக்கு மூக்கடைச்சு அலர்ஜி வந்துச்சு, அவர் ஜியாலஜி படிச்சவர், பாறைத் தூசி பழக்கமானவர்தான். அப்போலோ 12ல கான்ராடும் பீனும் மேல போய், நிலாவ சுத்திக்கிட்டிருந்த தாய்க்கலத்துல சேரறப்போ, உள்ள இருந்த கார்டன் தூசிய பாத்துட்டு அப்படியே வர விடல, எல்லாத்தையும் கழட்டிட்டுதான் வந்தாங்க.

நம்ம பாட்டிங்க வீட்டு வாசல்ல தண்ணி வாளி வச்சது எதுக்குன்னு இதப் படிச்சா புரியும். இப்போ யோசிக்கறதுல எனக்குப் பிடிச்ச ஐடியா சூட்போர்ட், உடுப்பு வீட்டுக்கு வெளியவே சுவர்ல ஒட்டித் தொங்கும், நாம உள்ள இருந்து அதோட முதுகு வழியா நுழைஞ்சு கிளம்பிடலாம். மண்ணு பட்ட பக்கம் உள்ளயே வராது.

இனிமே வரப்போற வீடுகளோட படங்கள எல்லாரும் பாத்திருப்பீங்க. 2013ல ஐரோப்பிய விண்வெளி அமைப்பும் ஃபாஸ்டர்ங்கற ஆர்க்கிடெக்ட் கம்பெனியும் சேந்து நிலா மண்ணுலயே 3டி பிரிண்ட் பண்ற குவிமாடம் காட்டினாங்க, நிலா மண்ண ஒத்த பொருள்ல 1.5 டன் கட்டி ஒண்ணு பிரிண்ட் பண்ணியே காட்டினாங்க. 2022ல நாசா, 3டி பிரிண்ட்ல வீடு கட்டற ஐகான் கம்பெனிக்கு 57.2 மில்லியன் டாலர் ஒப்பந்தம் குடுத்துச்சு, நிலா மண்ணுலயே கட்டறதுக்கான வழி கண்டுபிடிக்க. மண்ணு மூடறது ரொம்ப அவசியம்தான், நிலாவுல இறங்கின சீனாவோட சாங்-இ 4 கலம் அளந்ததுல ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 1.37 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு, விண்வெளி நிலையத்தவிட 2.6 மடங்கு. வெயிலுக்கும் மண்ணு நல்லது, நம்ம சந்திரயான் 3ல போன விக்ரம் 2023ல தரைய குத்திப் பாத்தப்போ மேல 50 டிகிரிக்கு மேல இருந்துச்சு, வெறும் 8 சென்டிமீட்டர் கீழ மைனஸ் 10. அவ்வளவு நல்லா சூட்ட தடுக்குது அந்த மண்ணு.

ஆனா ஒண்ண கவனிக்கணும், இங்க நாம கட்டறது எல்லாம் மேல இருந்து அமுக்கற பாரத்தத் தாங்க. அங்க தலைகீழ். உள்ள நம்ம ஊர் காத்தழுத்தம் வச்சா சதுர மீட்டருக்கு 10 டன் வெளிய தள்ளும். கூரை மேல ரெண்டு மீட்டர் மண்ணு கொட்டினாலும் ஆறுல ஒரு பங்கு ஈர்ப்புல அரை டன் பக்கம்தான் அமுக்கும். காங்கிரீட் மாதிரி சாமான் இழுத்தா விரிசல் விடும். அதனால பிரிண்ட் பண்ணின மண்ணு ஒரு போர்வைதான், உண்மையான வீடு உள்ள இருக்கற ஊதின பை. 2013 டிசைன்ல இத சரியா புரிஞ்சு பைய உள்ள வச்சிருக்காங்க. வெறும் மண்ணு சுவர மட்டும் காட்டற அழகான படம் எதையாவது பாத்தா எனக்கு கோவமே வருது.

அதவிட பெரிய குறை, இந்தப் படங்கள்ல பெரும்பாலும் எலிவேஷன்தான். கட்டில் தெரியாது, தூசி எங்க நிக்கும்னு தெரியாது. நிலாவோட 14 நாள் நீளமான ராத்திரில வீட்டுக்குள்ள வெளிச்சம் எப்படி மாறும்னும் தெரியாது. இந்த விஷயத்துல எனக்கு ரொம்ப மரியாதை டென்மார்க் ஆர்க்கிடெக்ட் பசங்க ரெண்டு பேர் மேல, சாகா ஸ்டுடியோ, 2020ல லூனார்க்னு மடிச்சு விரிக்கற வீடு ஒண்ணு செஞ்சு வடக்கு கிரீன்லாண்டு குளிர்ல அவங்களே 60 நாள் உள்ள குடியிருந்தாங்க, பகல் மாதிரி ராத்திரி மாதிரி மாறற லைட்ட உள்ள வச்சுக்கிட்டு. தான் வரைஞ்ச வீட்டுல தானே படுத்துப் பாக்கறது, அதுதான் வேணும்.

மியூசியம் போறவங்களுக்கு: டிக்கெட் காசு இல்ல, ஆனா நேரம் போட்ட பாஸ் ஆன்லைன்ல முன்னாடியே எடுத்துடுங்க. உள்ள ஏற முடியாது, அது நியாயம்தான். ஏணி இருக்கற கால் பக்கம் போய் நில்லுங்க. ஏணி தரை வரைக்கும் வராது, வண்டி இறங்கறப்போ அதோட கால் அமுங்கும்னு கணக்குப் போட்டிருந்தாங்க, ஆம்ஸ்ட்ராங் மெதுவா இறக்கினதால அவ்வளவா அமுங்கல, கடைசிப் படில இருந்து குதிச்சுதான் இறங்கினார். அப்படியே மேல பாத்தா அந்த சதுரக் கதவு தெரியும், ஒரு பக்கம் 81 சென்டிமீட்டர். பசங்க கூட வந்தா ஒரு டேப் கொண்டு போங்க, அளந்து காட்டறதுக்கு.