ஆலய ஆர்கன் ரிப்பேர்: அடிக்கணக்கில் பில் போட்டால் பணம் கொடுக்காதீர்கள்

திருமங்கலம் பக்கத்தில் எங்கள் சபை இருக்கிறது. காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்கன் ஒன்று எங்களிடம் உண்டு. அதை ரிப்பேர் பார்க்க 30,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். பொருளாளர் என்ற முறையில் பணத்தை எண்ணிக் கொடுத்தது நான்தான். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்த காசு அது. ஒரு பாட்டி படைத்த பூசணிக்காய் 400 ரூபாய்க்குப் போனதும் அதில் சேர்த்தி.

மதுரை டவுனில் இருந்து வந்த ரிப்பேர்காரர், எந்த ஓசை வேண்டுமோ அதற்காக இழுக்கும் ஸ்டாப் குமிழ்களில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தார். டயப்பேசன் 8, டல்சியானா 8, மெலோடியா 8, வயோலா 4. "அண்ணே, இந்த நம்பரெல்லாம் அடிக்கணக்கு. உள்ள 28 அடி பைப் இருக்கு, பூராம் அடைச்சுக் கிடக்கு. அடிக்கு 600 ஆகும்" என்றார். அதற்கு 16,800, துருத்திக்கு 9,000, ஓசையை நடுங்க வைக்கும் வாக்ஸ் ஹ்யூமனா ஸ்டாப்பின் மோட்டாருக்கு 4,200. பெட்டியைத் திறந்து காட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

எடுத்துப் போன ஆர்கன் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. முதல் ஞாயிறே, பாமாலைப் பாட்டை எடுத்ததும் மேல்கட்டைகள் சுருதி சேராமல் கீச்சிட்டன. அடுத்த மாதம் எவ்வளவு மிதித்தாலும் துருத்தி காற்றுப் பிடிக்கவில்லை.

ஒரு கல்யாணத்துக்காகப் பாளையங்கோட்டையில் இருந்து வந்திருந்த ஆர்கன் வாசிக்கும் பெரியவர்தான் பின்பலகையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு சாண் பைப்கூடக் கிடையாது. வரிசையாகப் பித்தளை நாக்குகள், அவ்வளவுதான். மிதிக்கும்போது துருத்தி உள்காற்றை வெளியே இழுக்கிறது. வெளிக்காற்று நாக்கு வழியாக உள்ளே நுழையும்போது நாக்கு அதிர்ந்து ஓசை வருகிறது.

எழும்பூர் புனித அந்திரேயா ஆலயத்தில் இருப்பது போன்ற நிஜ பைப் ஆர்கனில், 8 என்றால் அந்த வரிசையின் மிகத் தாழ்ந்த ஸ்வரத்துக்கான குழாய் ஏறக்குறைய 8 அடி நீளம். 4 என்றால் அதில் பாதி, ஓசை ஒரு ஸ்தாயி மேலே. எங்கள் பெட்டியில் அந்த எண் ஸ்தாயியை மட்டும்தான் சொல்கிறதாம். டல்சியானாவுக்குத் தனி நாக்கே இல்லை. டயப்பேசனின் நாக்குகளையே, அவற்றை மூடியிருக்கும் சின்னக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து மெல்ல ஒலிக்க வைக்கிறார்கள். வாக்ஸ் ஹ்யூமனா என்பது காற்றில் சுற்றும் ஒரு சின்ன விசிறி, அதில் மோட்டார் ஏது!

இல்லாத பைப்புக்குக் கொடுத்த பணத்தைவிட அந்த நாக்குகளைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. அழுக்குப் போக உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார் அந்த ரிப்பேர்காரர். நுனி தேய்ந்தால் சுருதி ஏறும், அடி தேய்ந்தால் இறங்கும். தேய்ந்த பித்தளை திரும்பி வராது. தூசியைத் தட்டி, மெல்லிய பிரஷ்ஷால் துடைத்திருந்தாலே போதுமாம். துருத்தியில் ரப்பர் பூசிய மெல்லிய துணி ஒட்ட வேண்டிய இடத்தில் தடித்த ரெக்சின், மடிப்பெல்லாம் வெடித்துவிட்டது.

ஆகவே ஆர்கன் வைத்திருக்கும் சபையார் பெட்டியை ஆலயத்திலேயே, உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். நாக்குகளை எண்ணிப் போட்டோ எடுங்கள். கழற்றினால் வரிசை மாறாமல் நம்பர் போடச் சொல்லுங்கள். துருத்தித் துணியின் துண்டு ஒன்றை முன்கூட்டியே கையில் வாங்கி மடித்துப் பாருங்கள்.

அந்த ரிப்பேர்காரர் இப்போது போனை எடுப்பதில்லை. உசிலம்பட்டிப் பக்கம் இன்னொரு சபையில் விலை பேசுவதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பில்லின் ஜெராக்ஸ் என்னிடம் இருக்கிறது; அட்வான்ஸ் கொடுக்கும் முன் யார் வந்து கேட்டாலும் காட்டுகிறேன்.