கருவேல முள் மண்டிய சாலைகளில் மாரத்தான் பிளஸ் டயர்

பரமக்குடியிலிருந்து தெற்கே இறங்கி, முதுகுளத்தூர், கடலாடி, சாயல்குடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தூத்துக்குடி வரை சைக்கிளில் செல்பவருக்கு, வெயிலைவிடப் பெரிய எதிரி சீமைக் கருவேல முள்தான். கண்மாய்க் கரை, தரிசு, சாலையோரம் என எங்கும் அது மண்டிக் கிடக்கிறது. கரிமூட்டத்துக்காக அதை வெட்டி டிராக்டரில் ஏற்றிச் செல்லும்போது உதிரும் சிறு கிளைகள், தார்ச்சாலையின் ஓரத்தில், பேருந்து வரும்போது சைக்கிள்காரர் ஒதுங்க வேண்டிய அதே ஓரடி அகலத்தில், காய்ந்து கிடக்கின்றன. இந்த வழியில் இரண்டு கோடைகளாக ஜெர்மனியின் ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் பிளஸ் டயரைப் பயன்படுத்தி வருகிறேன்.

அதற்கு முந்தைய கோடையில், சைக்கிளோடு வந்த மெல்லிய டயர்களிலேயே இதே வழியில் சென்றேன். ஒரே நாளில் நான்கு பஞ்சர். நான்காவது, கடலாடிக்குச் சற்று முன்பு, பகல் ஒரு மணிக்கு நேர்ந்தது. சுமையை இறக்கி, சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவி ஒட்டுப் போட்டு மாட்டுவதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கருவேல மரத்தின் நிழல் சல்லடையில் விழும் வெயிலைப் போன்றது. ஓட்டும்போது உடம்பில் படும் காற்றும் நின்றவுடன் இல்லாமல் போகிறது. அந்த அரை மணி நேரத்தில் மட்டும் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டேன். கையில் எஞ்சியது அரை லிட்டர். ஊருக்கு ஊர் டீக்கடை இருக்கும் பகுதிகளில் பஞ்சர் என்பது நேரக் கணக்கு. இங்கே அது தண்ணீர்க் கணக்கு. இந்த டயரை நான் மதிப்பிடுவதும் அந்தக் கணக்கை வைத்துத்தான்.

அப்போது அவ்வழியே வந்த ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், "கையால பிடுங்காதீங்க தம்பி, நுனி உள்ளயே ஒடிஞ்சு தங்கிரும்" என்று சொல்லி, அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த முள்வாங்கியை எடுத்துக் கொடுத்தார். அவர் சொன்னது சரி. மூன்றாவது பஞ்சரில் நான் ஒடித்துவிட்ட நுனிதான் நான்காவதற்குக் காரணமாக இருந்தது. பழைய துணியை டயரின் உட்புறம் முழுவதும் ஒருமுறை இழுத்துப் பார்த்தால், மறைந்திருக்கும் நுனியில் நூல் மாட்டிக்கொள்ளும் என்பதையும் அன்றுதான் கற்றேன்.

மாரத்தான் பிளஸ் டயரின் சிறப்பு, தரையில் படும் மேல் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் துணி அடுக்குக்கும் நடுவில் பதித்துள்ள நீல நிறப் பட்டையில் இருக்கிறது. வளைந்து கொடுக்கும் ரப்பராலான அந்தப் பட்டை 5 மில்லிமீட்டர் தடிப்புள்ளது. முள் மேல் ரப்பரைத் துளைத்தாலும், டியூபைத் தொடுவதற்கு முன் இந்தப் பட்டைக்குள் சிக்கிக்கொள்கிறது. சென்ற சித்திரையில் சாயல்குடியில் இரவு தங்கியபோது, டார்ச் வெளிச்சத்தில் பின் டயரிலிருந்து முள்வாங்கியால் 11 முட்களை எடுத்தேன். அவற்றில் ஒன்று என் சுண்டுவிரல் நகத்தைவிட நீளமானது. அது இருந்த துளையின் அடியில் நீல நிறம் தெரிந்தது, காற்று இறங்கவில்லை. மறுநாள் வேம்பார், வைப்பாறு, குளத்தூர் வழியாக உப்பளங்களைக் கடந்து தூத்துக்குடி சேரும் வரை பம்பைத் தொடவே இல்லை.

இதற்கான விலையை எடையில் கொடுக்கிறோம். 700க்கு 35 அளவில், அதாவது சுமார் 700 மில்லிமீட்டர் விட்டமும் 35 மில்லிமீட்டர் அகலமும் உள்ள அளவில், ஒரு டயர் ஏறக்குறைய 900 கிராம் வருகிறது. நகரத்தில் ஓட்டுபவர் ஒவ்வொரு சிக்னலிலும் அந்தப் பாரத்தை உணர்வார். மேடு பள்ளம் அதிகமில்லாத இராமநாதபுரம் சமவெளியில், ஒரே வேகத்தில் செல்லும்போது அது அவ்வளவாகத் தெரிவதில்லை. தடித்த டயர் என்பதால் ரிம்மில் ஏற்றுவதற்கு விரல் வலுவும் பொறுமையும் வேண்டும். முதல்முறை மாட்டுவதைக் காட்டில் வைத்துக்கொள்ளாமல் வீட்டிலேயே இரண்டு முறை கழற்றி மாட்டிப் பழகிவிடுவது நல்லது. டயரின் ஒரு விளிம்பை முழுவதும் ரிம்மின் நடுப்பள்ளத்தில் தள்ளிவிட்டு, வால்வு இருக்கும் இடத்தைக் கடைசியாக ஏற்றினால் வேலை எளிதாகிறது.

வாங்கும் முன் டயரின் பக்கச் சுவரில், ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்லும் எண்ணைப் பாருங்கள். 700 அளவுக்கு உரியது 622. நம் ஊர்ப் பழைய கறுப்புச் சைக்கிள்களின் 28 அங்குலச் சக்கரத்துக்கு உரியது 635. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. விலை சாதாரண டயரைப் போலப் பல மடங்கு என்பதால், கையில் இருக்கும் பணம் ஒரு டயருக்கு மட்டுமே போதும் என்றால், சுமை அழுத்தும் பின் சக்கரத்துக்கு முதலில் வாங்கலாம். டயர் மாற்றிய பிறகும் ஒட்டுப் பொருட்களையும், பரமக்குடிக் கடைத்தெருவில் வாங்கிய ஒரு முள்வாங்கியையும் நான் விட்டுச் செல்வதில்லை. அவற்றோடு முன்பு எடுத்துச் சென்ற மூன்று உதிரி டியூப்களில் இரண்டைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு தண்ணீர்ப் புட்டியை வைத்திருக்கிறேன்.