லோரா போர்டுல டெஸ்ட்டுக்கு யூ.எஃப்.எல் கனெக்டர், என் ரிவ்யூ

சோழவந்தான் பக்கம் தோப்பு மோட்டாரை வீட்ல இருந்தே ஆன் ஆஃப் பண்ற லோரா (கம்மி பவர்ல ரொம்ப தூரம் போற ரேடியோ) போர்டு செஞ்சு தர்றேன், 865-867 மெகாஹெர்ட்ஸ் பேண்டு, லைசென்ஸ் தேவையில்ல. ஸ்பிரிங் ஆன்டெனாவை நேரா போர்டுலயே சால்டர் பண்ணிருவேன். சிக்கல் என்னன்னா ரேஞ்ச் குறைஞ்சா கோளாறு சிப்புலயா ஆன்டெனாலயான்னு பிரிச்சுப் பாக்க வழியே கிடையாது. அதனால இந்த லாட்ல ஹிரோஸ் கம்பெனி யூ.எஃப்.எல்லுக்கு, அதான் டெஸ்ட் கேபிள் மாட்டுற குட்டி ஆன்டெனா கனெக்டருக்கு, பேட் (சால்டர் பண்ற செம்பு இடம்) விட்டு போர்டு அடிச்சேன்.

சைஸு 3 மில்லிமீட்டர் சொச்சம்தான், 50 ஓம், 6 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் தாங்கும். வேலை எல்லாம் பக்கத்துல இருக்கிற ஜீரோ ஓம் ரெசிஸ்டர்லதான் (சும்மா ஒயர் மாதிரி இணைக்கிற துண்டு) இருக்கு. ரேடியோ பக்கம் ஒரே பொது பேட், அங்கருந்து ரெசிஸ்டரை இந்தப் பக்கம் வச்சா ஆன்டெனா, திருப்பி வச்சா கனெக்டர். சிலர் கனெக்டரை லைன்லயே சும்மா தொங்க விட்டுர்றாங்க, அது தப்புங்க, டெஸ்ட் கேபிளை மாட்டுனா ஆன்டெனாவும் சேந்தே இருக்கும், அளவு நம்பவே முடியாது. ஆன்டெனாவை மட்டும் அளக்கணும்னா ரேடியோ பக்கத்து ரெசிஸ்டரைக் கழட்டிட்டு கனெக்டர் டு ஆன்டெனா ஒரு பாலம் வேணும், அதுக்கும் ஒரு பேட் விட்டுட்டேன். 0402 சைஸு (1 மில்லிமீட்டர் நீளம்) ரெசிஸ்டரை மாத்தி மாத்தி வைக்க கை நடுங்கும்ங்கிறவங்க முராட்டா சுவிட்ச் கனெக்டர் பாருங்க, புரோபை சொருகுனாலே ஆன்டெனா தானா விலகிக்கும், ஆனா அந்த புரோபு வெலை கொஞ்சம் கூட.

ரேடியோ சிப்பு எஸ்எக்ஸ்1262, அனுப்புற பவர் அதிகபட்சம் 22 டிபிஎம். டைனிஎஸ்ஏல (சிக்னல் பவரை அளக்குற குட்டி ஸ்பெக்ட்ரம் அனலைசர்) நேரா குத்திராதீங்க மக்களே, 30 டிபி அட்டென்யூவேட்டர் (சிக்னலைக் குறைக்கிற துண்டு) போட்டுத்தான். அந்த 30-ஐயும் கூட்டிப் பாத்தா கிட்டத்தட்ட 21 வந்துச்சு, ரேடியோ பக்கம் சுத்தம். அடுத்து பவரை எடுத்துட்டு நானோவிஎன்ஏல (ஆன்டெனா எந்த ஃப்ரீக்வென்சிக்கு ஒத்து வருதுன்னு காட்டுற மீட்டர்) ஆன்டெனாவைப் பாத்தா வெறும் போர்டா இருக்கும்போது அருமை, டப்பாக்குள்ள பேட்டரி ஒயரோட வச்சு மூடுனா டிப்பு (ஆன்டெனா ஒத்து வர்ற ஃப்ரீக்வென்சில கிராஃப்ல விழுற பள்ளம்) கம்மி ஃப்ரீக்வென்சிக்கு இறங்கி பேண்டை விட்டே போயிருச்சு. ஒயரை அந்தப்பக்கம் ஒதுக்கிக் கட்டுனதும் பழையபடி வந்துச்சு. கனெக்டர் இல்லைன்னா இதுக்கு சிப்பைத்தான் திட்டிக்கிட்டு இருந்திருப்பேன்.

கொறைன்னா, மாட்டிக் கழட்ட கம்பெனி சொல்ற கணக்கே 30 தடவைதான். அதனால டெஸ்ட் போர்டுல மட்டும் சால்டர் பண்ணுங்க, கஸ்டமருக்குப் போற போர்டுல பேட் காலியாவே இருக்கட்டும், காசும் மிச்சம். கழட்டும்போது கேபிளைப் புடிச்சு இழுத்தா பேடோட பேந்துரும், நேரா மேல தூக்கணும். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில கேட்டதுக்கு ஒரிஜினல்னு குடுத்தது ஒரு பத்துல ரெண்டு லூஸா இருந்துச்சு, அண்ணே இது நிக்க மாட்டேங்குதுன்னா "தம்பி, அமுக்கி மாட்டுங்க"ங்கிறாரு. ஆன்லைன்ல வாங்குங்க, ஒரு வாரம் ஆனாலும் பரவால்ல.